எட்டாவது நிமிடம்

“நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டு உக்காருங்க, டாக்டரம்மா. தள்ளி இருந்து சொன்னா மார்க் போயிடும்” என்றார் நடிகர்.

அவள் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

தீராத நோயுள்ளவர்களின் வலி தணிக்கும் மருத்துவ மேற்படிப்பில், கெட்ட சேதியை எப்படிச் சொல்வது என்றே ஒரு தேர்வு உண்டு. அதில் பன்னிரண்டு வருடமாக நோயாளியாக நடிப்பவர் அவர். எட்டாவது நிமிடம் மணி அடிக்கும். உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு மார்க் போடுவார்.

“ரிப்போர்ட் வந்திருக்கு, சார். நாம நினைச்ச மாதிரி இல்ல.”

“கணையத்துல புத்துநோய். ஈரல் வரைக்கும் பரவியிருக்கு. அதானே?”

“அதேதான்” என்றாள் மெல்ல.

“பின்னே? நானே இட்டுக்கட்டின வியாதியாச்சே! விடாத முதுகுவலி, உடம்பு இளைச்சுப் போறது, அடுத்த மாசம் பொண்ணுக்குப் பிரசவம்... இத்தனை வருஷத்துல ஒரு வரி மாத்தல. மேல சொல்லுங்க.”

அவள் கண் கலங்கியது.

“அழ வேண்டியது நான். ரெண்டு மார்க் குறைச்சாச்சு” என்று சிரித்தார்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நான் உங்ககிட்ட பாஸ் பண்ணி மூணு வருஷம் ஆச்சு, சார். இது பரீட்சை ரூம் இல்ல, என் ஆஸ்பத்திரி. போன வாரம் முதுகுவலின்னு வந்து ஸ்கேன் எடுத்தீங்களே, அந்த ரிப்போர்ட்தான் இது. வெளியில உங்க பொண்ணு உக்காந்திருக்காங்க. நிறைமாசமா.”

அவர் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு நிமிடம் தாண்டி முள் நகர்ந்துகொண்டிருந்தது.

“மணி ஏம்மா இன்னும் அடிக்கல?” என்றார்.