வெள்ளோட்டம்

'டமார்!' என்று தேன் பாட்டில் தரையில் விழுந்து சிதறியது.

கைதவறவிட்ட பெண்மணி குனிந்துகூடப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி, கூரையில் பதித்திருந்த ஸ்பீக்கரையே பார்த்தபடி நின்றாள். செருப்பைத் தேன் நனைத்ததும் அவளுக்குத் தெரியவில்லை.

பிஸ்கட் அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து நின்ற மெட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஸ்பீக்கரில் ஒலித்துக்கொண்டிருந்தது அவர் போட்ட பாட்டு.

'மெட்டுக்காரர்' என்பது தெரு வைத்த பெயர். பாதி மரியாதை, பாதி கிண்டல். தலை நரைக்கும்வரை மெட்டுப் போட்டும் ஒன்றுகூட வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. இப்போதுதான் ஓர் இசைக் கம்பெனி கூப்பிட்டிருந்தது. ஊரெல்லாம் கிளை பரப்பியிருக்கும் இந்தப் பல்பொருள் அங்காடிக்குப் பாட்டு கொடுப்பது அந்தக் கம்பெனிதான்.

"முதல்ல ஒரு கிளையில போட்டுப் பார்ப்போம் சார். சரியா வந்தா எல்லாக் கிளையிலயும் உங்க பாட்டுதான்" என்றிருந்தார் கம்பெனி அதிகாரி.

இதுவும் கைவிட்டால் கீபோர்டைப் பரணில் ஏற்றிவிட்டு, மச்சினனின் டயர் கடைக்குப் போய்விடுவதாக மனைவியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் கிளம்பும்போதே அவள் பரணைத் துடைத்துத் தயாராக வைத்துவிட்டாள்.

அந்த மச்சினனும் கூடவே வந்திருந்தான். பாட்டு விஷயத்தில் இருவரும் எலியும் பூனையும். அவன் கடையில் வைக்கிற பாட்டுக்கு மாட்டியிருக்கும் ஸ்பேனர்களே ஆடும்.

"என்ன மாமா, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? பாட்டு போட்டது நீங்க. வலி கேக்கறவங்களுக்குத்தானே வரணும்?"

"வாயை மூடுடா. அந்தம்மாவைப் பாரு."

"பார்த்தேன், பார்த்தேன். தேனு போச்சு."

அவள் மட்டுமில்லை. ஹெட்போன் மாட்டியிருந்த ஓர் இளைஞன் அதைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். போனில் யாரையோ வறுத்தெடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரிய மனிதர், "அப்புறம் பேசறேன், வை" என்று துண்டித்தார். மிட்டாய்க்கு அழுத குழந்தைகூட வாயைத் திறந்தபடியே சத்தத்தை நிறுத்திவிட்டது.

கம்பெனி அதிகாரி கோடியில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. ஆட்களின் தள்ளுவண்டிகளையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 'பொறுப்பான மனுஷன். யாரும் இடிச்சுக்காம பார்த்துக்கறார்' என்று நினைத்துக்கொண்டார் மெட்டுக்காரர்.

மச்சினனும் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டான். அது அவன் பிறவிக்கே ஆகாத காரியம்.

"மாமா, எனக்கு இந்த மாதிரிப் பாட்டு பிடிக்காது. தெரியும்ல?"

"தெரியும்."

"இப்பவும் பிடிக்கலை. நத்தை மாதிரி ஊருது."

"சரிடா."

"ஆனா விட்டுட்டுப் போகவும் முடியலையே. உள்ள எதைப் போட்டுத் தொலைச்சீங்க?"

மெட்டுக்காரர் சிரித்துவிட்டார். "உன் கடைப் பாட்டை தகரக் கொட்டாய்னு நானும் திட்டியிருக்கக் கூடாதுடா. அவனவன் காது அவனவனுக்கு. இது மட்டும் தேறட்டும், அடுத்து நீ ஆடற மாதிரி ஒண்ணு போட்டுத் தரேன்."

"அடி நல்லா பலமா இருக்கணும்."

"உன் ஷட்டரே பிடுங்கிக்கும், போதுமா?"

பாட்டு முடிந்தது. அப்போதும் ஒரு வண்டிகூட உருளவில்லை. "யாரு பாட்டு இது? மறுபடி போட மாட்டாங்களா?" என்று பில் போடும் பெண்ணிடம் யாரோ கேட்டார்கள்.

அடுத்த பாட்டு தொடங்கியது. உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. வண்டிச் சக்கரங்கள் மறுபடி கிறீச்சிட்டு உருள ஆரம்பித்தன. பெண்மணி ஈரச் செருப்போடு வேறொரு பாட்டிலை எடுத்து வண்டியில் போட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

அதிகாரி வந்து மெட்டுக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்ல பாட்டு சார். பொய் சொல்லலை, எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"அப்போ... எல்லாக் கிளைக்கும்..."

"இல்லை சார். இதை எடுக்க முடியாது. உங்க மத்த பாட்டெல்லாம் அனுப்பியிருந்தீங்களே, அதுவும் இதே மாதிரிதான் இருக்கு. வேண்டாம் சார்."

பிடித்த கை மெதுவாக விட்டது. ஒன்றுமில்லாத அந்தப் பாட்டு கூரையிலிருந்து சொட்டிக்கொண்டேயிருந்தது.

மச்சினனுக்குத்தான் பொறுக்கவில்லை. "என்ன சார், விளையாடறீங்களா? கண்ணு தெரியலையா உங்களுக்கு? எனக்கே பிடிக்காத பாட்டு, நானே நின்னுட்டேன். முடியற வரைக்கும் ஒருத்தர் அசையலை சார். கடை மொத்தமும் அப்படியே நின்னு கேட்டுச்சு!"

அதிகாரி அவன் தோளில் பரிவாகத் தட்டினார்.

"ஆமா தம்பி, நின்னுட்டாங்க. அப்புறம் சாமானை யாரு எடுக்கறது?"