குறையாத சூப்

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அவளுக்கு மனசுக்குள் சின்னதாக ஒரு வெளிச்சம். ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் ஏற்கெனவே மூன்று முறை கவிழ்ந்தவள். பேனாவின் குணம் அவளுக்கு அத்துப்படி. போன தடவையெல்லாம் அவள் வாயைத் திறந்தாலே அது தாளில் தப்புகளைப் பொறுக்கிப் போட ஆரம்பித்துவிடும். இன்று சும்மா படுத்துக் கிடந்தது.

தலைப்பு அப்படி. மறக்க முடியாத ஓர் ஓட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுற்றுச்சூழல், விண்வெளி என்று எதையாவது தூக்கிப் போட்டுக் கழுத்தை அறுப்பவர்கள், இந்த முறை போனால் போகிறதென்று அவள் வாழ்க்கையில் நடந்த ஒன்றையே கேட்டுவிட்டார்கள்.

அவளும் புருஷனும் சேர்ந்து போன ஒரே ஓட்டல் அது. அவன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள். கூரை ஒழுகியது, வேறு மேஜையும் காலியில்லை. அவன் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டான். குடைக்குள் அடங்காத அவன் கிண்ணத்தில் மழை சொட்டிக்கொண்டே இருந்தது.

"என் சூப் மட்டும் குறையவே மாட்டேங்குது பாரு" என்றான். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு அப்படிச் சிரித்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை. அவன் அங்கே, அவளும் மகளும் இங்கே. குடும்பத்துக்கு விசா வேண்டுமென்றால் மனைவி இந்தத் தேர்வில் தேறியாக வேண்டும். அவள் தேறுகிற வழியாகத் தெரியவில்லை. மகளுக்கோ அப்பா என்றால் போன் திரையில் தெரியும் பாதி நெற்றி என்றாகிவிட்டது. தினமும் வந்துகொண்டிருந்த அந்த போனும் இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுங்கிவிட்டது.

"இந்தத் தடவையும் முடியலேன்னா வேற ஏதாவதுதான் யோசிக்கணும்" என்று போன வாரம் சொன்னான். அந்த வேறு ஏதாவது என்னவென்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

பயிற்சி வகுப்பு மாஸ்டர் மட்டும் இல்லையென்றால் இந்தக் கதையைச் சொல்லலாம் என்றே அவளுக்குத் தோன்றியிருக்காது. காலை வகுப்பில் அவள் மாதிரிப் பதில்களை ஒப்பிக்கிற அழகைப் பார்த்து, ஒருநாள் அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, மனப்பாடம்னு கண்டுபிடிச்சா மார்க்கே கிடையாது, தெரியுமில்ல? உன் வாழ்க்கைல நடந்ததைச் சொல்லேன்!"

திக்கித் திணறிச் சொன்னாள். மாஸ்டர் அசந்துபோனார். இன்னொரு தடவை சொல்லச் சொல்லி போனில் பதிவு செய்துகொண்டார்.

"தப்பையெல்லாம் நான் திருத்தித் தரேன். பிரமாதம்மா! இதைப் போய் மனப்பாடம்னு எவன் சொல்லுவான்?"

சொன்னபடி திருத்தியும் கொடுத்தார், மகராசன். அந்த வாக்கியங்களைத்தான் இப்போது ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குடை வந்த இடத்தில் பேனா படுத்தது. சூப் வந்த இடத்தில் தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். காலையிலிருந்து வரிசையாக ஆட்களைக் கேட்டுக் களைத்த மனிதரையே கலங்கடித்துவிட்டோமே என்று அவள் இன்னும் உருக்கமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அப்புறம் சர்வர் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார், இல்லையா?" என்று அவர் ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டார்.

அவள் இன்னும் வாளிக்கே வரவில்லை! மனிதர் கதைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார். "ஆமாம் சார், வாளிதான், வாளிதான்!" என்றாள், மாஸ்டர் எழுதித் தராத ஆங்கிலத்தில்.

"போதும். நன்றி" என்றார் அவர். நேரம் இன்னும் பாக்கி இருந்த மாதிரி இருந்தது. போதுமென்று சொல்லும் அளவுக்கு நன்றாகப் பேசிவிட்டோம் என்று எடுத்துக்கொண்டாள்.

வெளியே வந்து, ஒப்படைத்திருந்த பையை வாங்கி, முதல் வேலையாகப் புருஷனுக்குச் செய்தி அனுப்பினாள். "இந்தத் தடவை நிச்சயம். நீங்க வேற எதையும் யோசிக்க வேணாம்." போனவுடனே அவன் பார்த்துவிட்டான். பதிலுக்கு ஒரு குடைப் படம் வந்தது. எவ்வளவு நாளாயிற்று அவன் இப்படி விளையாடி! கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருந்த இளம்பெண் அவள் கையிலிருந்த பயிற்சி வகுப்புப் பையைக் காட்டிச் சிரித்தாள். அவள் மடியிலும் அதே பை.

"நீங்களும் நம்ம மாஸ்டர்கிட்டதானாக்கா? பார்த்ததே இல்லையே. நான் சாயந்திர பேட்ச்."

"நான் காலைல வருவேன்மா. எப்படிப் பேசினே?"

"நல்லாத்தான் பேசினேன். ஆனா பாதியிலேயே போதும்னுட்டாரு. எனக்கு முன்னாடி போனவங்களுக்கும் அப்படித்தானாம். உங்களுக்கு என்ன தலைப்புக்கா?"

"ஓட்டல்."

அந்தப் பெண் சட்டென்று பக்கத்தில் நகர்ந்து வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அப்ப உங்க சூப்பும் குறையவே இல்லையாக்கா?"