ஒரு பிடி காய்ந்த புல்

"டானிக் உனக்குக் கிடையாது, கிளெனிஸ்."

"அப்போ அலமாரியில அடுக்கி வச்சிருக்கியே, அழகுக்கா?"

தீவனக் கடை மெர்வ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். தபால்காரர் வரும் நேரம்.

கிளெனிஸுக்கோ இருப்புக்கொள்ளவில்லை. அவளுடைய குதிரை ட்ரீக்கிள் பத்து நாளாகத் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது. ரத்தம் சுண்டிப்போச்சு, இரும்புச்சத்து ஏற்றினால் சரியாகிவிடும் என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். பதினெட்டு வருஷமாகப் பிள்ளை மாதிரி வளர்த்தது. அதற்கு ஒன்று ஆனால் தாங்கமாட்டாள்.

"ரேஸ் குதிரைக்காரங்க கேட்டா ஓடி ஓடிக் கொடுப்பே. நாங்கன்னா இளக்காரம்!"

"அது இல்ல..."

"என்ன இல்ல? போன வாரம் என் லோடு வண்டியில கெடந்த புல்லை ஒரு பிடி அள்ளிப் பையில போட்டியே, நான் பாக்கலைன்னு நெனச்சியா? ஒரு பிடி புல்லுக்கு அலையுற திருட்டுப் பயலுக்கு ஒரு கடை!"

புண்ணாக்கு வாங்க வந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். மெர்வுக்குக் காதெல்லாம் சிவந்துபோயிற்று.

"புல் அறுக்கறப்போ மெஷினைத் தரையோட இறக்காதே, செம்மண்ணும் சேர்ந்து வரும்னு கிறிஸ்துமஸ் சமயத்துலயே சொன்னேனா இல்லையா?"

"ஆமா, உன் புல்லை என் தலையில கட்டத்தானே சொன்னே? நீ சொன்ன மாதிரி மேலாக அறுத்திருந்தா எனக்கு இருபது கட்டு குறைஞ்சிருக்கும்!"

தபால் வந்தது. மெர்வ் அவசரமாக ஓர் உறையைக் கிழித்துப் படித்தான். ஒரு பெருமூச்சு விட்டு, காகிதத்தை அவள் பக்கம் தள்ளினான்.

சோதனைக்கூடத்து முடிவு. காய்ந்த புல், கிலோவுக்கு இரண்டாயிரம் மில்லிகிராம் இரும்பு. குதிரைக்குத் தேவையானதைப் போல நாற்பது மடங்கு. காரணம், புல்லோடு கலந்த மண்.

கிளெனிஸுக்கு வந்ததே கோபம்!

"அடப்பாவி! மண்ணைப் போய்த் தீவனம்னு போடுதே ஒரு ஜென்மம்! இதுக்கு மேல டானிக்கும் கொடுத்தா குதிரையோட ஈரல் என்னத்துக்கு ஆகும்? அவனெல்லாம் குதிரை வளர்க்கலைன்னு யார் அழுதா?"

"மெல்லப் பேசு," என்றான் மெர்வ். "கால்நடை டாக்டரை வரச் சொல்லியிருக்கேன். நல்ல புல் பத்துக் கட்டு எடுத்து வச்சிருக்கேன்."

"அதெல்லாம் இருக்கட்டும், இது யார் வீட்டுப் புல்? சொல்லு!"

மெர்வ் மற்ற இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"நான் திருடின அந்த ஒரு பிடிதான்."