மாதா வெளியே நிற்கிறார்

மாதா வெளியே குளிரில் நின்றார். மைனஸ் இருபத்தொன்று.

உள்ளே மரியதாசன் இறைச்சி வெட்டும் கத்தியால் தன் வீட்டு முன்கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கனடாவில், பார்க் எக்ஸ்டென்ஷன் தமிழ்ச் செபக்குழு, மாதா சுருவத்தை, அந்தச் சிறு சிலையை, கிழமைக்கொரு வீடாகக் கொண்டுபோகும். ஞாயிறு பூசை முடிந்த கையோடு பாட்டுப் பாடித் தூக்கி வருவார்கள். ஒரு கிழமை அந்த வீட்டில் செபமாலை நடக்கும். மரியதாசனின் மனைவி இமெல்டாவின் முறை வரப் பதினான்கு மாதம் பிடித்தது.

அவள் மாதாவிடம் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான். மகன் டிலக்ஷன் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும்.

பார்மசி படிக்க வேண்டிய பிள்ளை, நகரத்துக்கு வெளியே சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டான். "வெங்காயம் நடவோ உன்னைக் கனடாவிலை வளத்தனான்?" என்று கத்தி அவனை வெளியே அனுப்பியவர் மரியதாசன். ஒன்றரை வருசமாக மகனோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

கதைக்க நேரம் எங்கே? மனுசன் காற்றோடல்லவா மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்!

கதவு பழசு. நாலு பக்கத்தாலும் காற்று விசிலடித்தபடி உள்ளே வரும். புதுக்கதவு போடச் சொன்ன ஆளைப் பார்த்துச் சிரித்தார். வீட்டில் கிடக்கிறதை வைத்தே காற்றை மறிக்கலாம், மூளை இருந்தால் போதும் என்றார்.

முதலில் விளிம்பெல்லாம் ஸ்பொஞ்ச் நாடா. அதன்மேல் பிளாஸ்டிக் விரித்து, இமெல்டாவின் ஹெயார் ட்ரையரால் சூடு காட்டி, மேளத்தோல் மாதிரி இறுக்கினார். கீழ் இடுக்குக்கு, டிலக்ஷன் விட்டுப்போன ஜீன்ஸின் காலொன்றை வெட்டி, உள்ளே பழந்துணி அடைத்துக் கிடத்தினார். அன்று இமெல்டா சாப்பிடவில்லை. தபால் போடும் வாய்க்கு டேப். வெளியே யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும் சின்னக் கண்ணாடிக்கும் பஞ்சு வைத்து ஒட்டினார். அதுக்குள்ளாலே என்ன காற்று வரும் என்று அவரிடம் கேட்கக்கூடாது.

பிறகு சோதனை. குருவானவர் மந்திரித்துக் கொடுத்த மெழுகுதிரியைக் கொளுத்திக் கதவோரம் பிடித்தார். சுடர் ஆடிய இடமெல்லாம், குளியல் தொட்டிக்குப் பூசி மிஞ்சிய சிலிக்கோன் பசையைப் பிதுக்கினார். சுடர் அசையாமல் நின்றது. உடனே படம் எடுத்துச் செபக்குழுவின் வட்ஸ்அப்பில் போட்டார். கோயில் வாசலில் ஆள் ஆளாய்ப் பிடித்து வகுப்பும் எடுத்தார். சனம் அவரைக் கண்டால் ஒளித்துத் திரிந்தது.

கதவென்பது திறக்கவும் வேண்டிய சாமான் என்பதுதான் மறந்துபோனது. மாதா வரப்போகிறா என்று இமெல்டா நாலு தரம் சொன்னாள். குசினிப் பக்கம் பின்கதவு இருக்குதுதானே என்று நாலு தரமும் சொல்லிவிட்டார்.

வந்து நின்றவர்களிடமும் அதையே சொன்னார். வெளியே செபக்குழுத் தலைவர் அன்டனின் குரல் கேட்டது. "அண்ணை, மாதாவைக் குப்பை வாளியளுக்கு நடுவாலையோ கொண்டுவரச் சொல்லுறியள்?"

மரியதாசனுக்குச் சுருக்கென்றது. நாளைக்கு இந்தக் கதை பக்கத்து நகரம் லவால் வரைக்கும் போகும். "பொறுங்கோ! ரெண்டு நிமிசம்!" என்று கதவைப் பார்த்துக் கத்தினார்.

அந்த இரண்டு நிமிடம் இருபது நிமிடமாகிவிட்டது. வெளியே பாட்டு நாலாவது தரம் தொடங்கி, பல் கிட்டிப் பாதியில் நின்றது. பெயர் மரியதாசன், மரியாளுக்கே ஊழியக்காரன். செய்த ஊழியம், மரியாளை வெளியே விட்டுக் கதவுக்குச் சிலிக்கோன் பூசியது. வெட்கக்கேடு.

இமெல்டா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். ஒரு சுருவத்துக்குக் குளிருமென்று இவ்வளவு பதறுகிறாளே என்று மரியதாசனுக்கு எரிச்சல் வந்தது. கடைசியில் அவள் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் நடந்தாள்.

"மாட்டுக்கொட்டிலிலை பிள்ளை பெத்தவ. குசினிக் கதவாலை வர அவவுக்கென்ன வெக்கம்?"

மரியதாசன் காதில் விழாதவர் மாதிரிச் சிலிக்கோனை அறுத்தார். ரோசம். காலைச் சுவரில் ஊன்றி, மூச்சைப் பிடித்து ஒரே இழுவை.

கதவு திறந்தது. பிளாஸ்டிக்கும் ஸ்பொஞ்சும் கிழிந்து தோளில் தொங்க, முகத்தில் ஒரு வரவேற்புச் சிரிப்போடு நின்றார்.

படியில் ஒருவரும் இல்லை. அவர் இரண்டு கிழமையாக மறித்து வைத்திருந்த காற்று முழுவதும் அவரைத் தாண்டி உள்ளே போனது.

பாட்டு அவர் முதுகுக்குப் பின்னால், குசினியில் கேட்டது.

திரும்பினார். பதினைந்து பேர் மூக்குச் சிவந்து, மூக்குறிஞ்சியபடி நின்றார்கள். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். எல்லோருக்கும் விசயம் முதலே தெரிந்திருந்தது. தெரியாத ஒரே ஆள் வீட்டுக்காரர்தான்.

சுருவத்தை நெஞ்சோடு அணைத்தபடி முன்னால் ஒருவன் நின்றான். கையுறையில் பனி பிடித்திருந்தது.

டிலக்ஷன்.

மாதாவைத் தூக்கி வருகிறவனைப் பார்த்து வெளியே போ என்று சொல்ல மரியதாசனுக்கு நாக்கு எழும்பாது. அதை நம்பித்தான் இமெல்டா அன்டனின் காலைக் கையைப் பிடித்து, சுருவத்தை மகன் கையில் கொடுக்கச் செய்திருந்தாள்.

மரியதாசன் வாயைத் திறந்தார். இறைச்சிக் கத்தி இன்னும் கையில் இருந்தது. பாட்டு நின்றுவிட்டது.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்?" என்றாள் இமெல்டா. "கதவைச் சாத்துங்கோ. பிள்ளை விறைச்சுப்போனான்."

மரியதாசன் போய்க் கதவைச் சாத்தினார்.