ஒன்பது மணிக் கேட்

"எட்டு நிமிஷம். வெறும் எட்டு நிமிஷம்தாங்க லேட்டு!"

கதிரவன் பைக்கை ஸ்டாண்ட்கூடப் போடாமல் கத்தினான். பின்னாலிருந்து இறங்கிய அவன் மனைவி அல்லி, தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

கேட்டுக்கு அந்தப் பக்கம் உமாமகேஸ்வரி. தையல் யூனிட்டின் முதலாளி. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்கியது. கொண்டியில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"ஒன்பதுன்னா ஒன்பதுதான் சார். உங்க வொய்ஃப் வர்ற வரைக்கும் பத்துப் பேர் சும்மா உக்காந்திருக்க முடியாது."

"வீட்டுக்கு ஆளுங்க வந்திருக்காங்க. சமைச்சு வச்சிட்டு வர நேரமாயிடுச்சு."

"வந்தவங்களை வீட்டுல இருக்கறவங்க கவனிக்கட்டும். இவ பாக்கெட் வைக்காம சைடு மூட்ட முடியாது. சைடு மூட்டாம கீழ மடிச்சு அடிக்க முடியாது. இவ ஒருத்தி லேட்டுன்னா மொத்தப் பேரும் லேட்டு."

அல்லியின் பக்கம் திரும்பினாள். "இன்னைக்கு வேலை கிடையாது, போ. இன்னொரு தடவை இப்படி வந்தா என்னைக்குமே கிடையாது."

எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"ஒரு பொம்பளை கஷ்டம் இன்னொரு பொம்பளைக்குத் தெரியலையே! உங்களுக்கெல்லாம் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

"ஆர்டர் இருக்கு" என்று கேட்டைச் சாத்தினாள் உமாமகேஸ்வரி.

இந்தத் திமிருக்குக் குறைச்சல் இல்லை என்று பல்லைக் கடித்தான் கதிரவன். காரைக்காலில் அவளைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. 'அலையோரம்' என்று பெயர் வைத்து, பாக்கெட் வைத்த சுடிதார் தைக்க ஆரம்பித்தபோது, சுடிதாருக்கு எதுக்கு பாக்கெட் என்று ஊரே சிரித்தது. புதுச்சேரியில் ஒரு பெரிய கடை மூன்று தடவை மூட்டையைத் திருப்பி அனுப்பியது. மூன்று தடவையும் பிரித்துத் தைத்து, நான்காவது தடவையும் அதே கடையின் படியேறினாள். இப்போது சென்னை, பெங்களூரு வரை போகிறது.

'வளர்ந்துட்டா இப்படித்தான் கண்ணு தெரியாது போல.'

பைக் கோட்டுச்சேரிப் பக்கம் திரும்பியதும் சொன்னான்: "நாளையிலேருந்து நீ அங்க போக வேணாம்."

"போவேன்."

கல்யாணமாகி நாலு வருஷத்தில் அல்லி இப்படி ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னதில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

"தெருவுல நிக்க வச்சு அவ்வளவு பேசினாளே, அதுக்கப்புறமுமா?"

"நான் வைக்கிற பாக்கெட் பெங்களூரு வரைக்கும் போகுதுங்க. நான் வீட்டுல உக்கார மாட்டேன். ஒன்பதுக்கு முன்னாடி போய்ச் சேர வழியப் பாருங்க."

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அவன் அம்மா பங்கஜவல்லி கொதித்துப் போனாள்.

"அவ பொம்பளையா ராட்சசியா? எட்டு நிமிஷத்துக்கா இந்தக் கூத்து!" வந்திருந்த உறவுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு ஆசை தீரத் திட்டினாள். திட்டி முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

"நம்ம வீட்டுப் பொண்ணு இன்னொரு தடவை அவ வாசல்ல தலை குனிஞ்சு நிக்கக் கூடாது. காலைல அடுப்பை நான் பாத்துக்கறேன். டேய், நீ தண்ணி புடிச்சு வச்சிடு. இவ கிளம்பட்டும்."

மறுநாளிலிருந்து எட்டு ஐம்பதுக்கெல்லாம் அல்லி யூனிட்டில் இருந்தாள்.

ஒரு வாரம் போயிருக்கும். அவளை இறக்கிவிட்டுவிட்டு, கீழவாஞ்சூர் துறைமுகத்தில் தன் வேலைக்குக் கிளம்பிய கதிரவன், பஸ் ஸ்டாண்ட் தாண்டியதும்தான் கவனித்தான். அல்லியின் போன் அவன் பையிலேயே இருந்தது.

திரும்பி வந்தான். மணி ஒன்பதாகவில்லை, கேட் திறந்தே கிடந்தது. ஹால் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே அல்லியின் குரல்.

"மாமியார்தான் இப்ப சமைக்கிறாங்க. அவரு தண்ணி புடிக்கிறாரு. ரெண்டு வருஷமா நான் கெஞ்சினேன், நடக்கல. நீங்க ஒரு தடவை திட்டினதும் நடந்துடுச்சு. ஆனா உமாக்கா, எங்க வீட்டுல உங்களைத்தான் வாய்க்கு வந்தபடி..."

"பேசட்டும்டி" என்றாள் உமாமகேஸ்வரி. "பதினோரு வீட்டுலயும் பேசறாங்க. நான் நல்லவளா இருந்தப்போ, பாதி நாள் பாதி மெஷின் ஆளில்லாம கெடந்துச்சு. இங்க தைக்கிற இவங்க எல்லாரும் சேர்ந்துதான் இந்த ஒன்பது மணிக் கேட்டையே போடச் சொன்னாங்க. சரி, அன்னைக்கு நீ போன்ல சொன்ன மாதிரியே திட்டினேன்ல? போதுமா?"

"என்னைத் திட்டினதுல பாதிகூட இல்லக்கா" என்றாள் கூடத் தைக்கிற ரோஷன் பேகம். மெஷின்களுக்கு நடுவே பெரிய சிரிப்பு எழுந்தது.

கதிரவனுக்கு முகம் சூடேறியது. உள்ளே போய் நாலு கேள்வி கேட்கலாமென்று ஒரு கால் எடுத்து வைத்தான். அல்லி சிரிக்கிற சத்தம் தனியாகக் கேட்டது. வீட்டில் அவள் இப்படிச் சிரித்து அவன் கேட்டதில்லை.

எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

கையிலிருந்த போன் அடித்தது. அம்மா. அவசரமாகத் தெருவுக்கு வந்து எடுத்தான்.

"நீயாடா? அல்லிகிட்ட குடு. நாளைக்குக் காலைல உங்க மாமா பூமிநாதன் குடும்பத்தோட வர்றாரு. என்னால தனியா முடியாது. இவ ஒரு மணி நேரம் லேட்டாப் போனா என்னடா?"

"ஐயோ, வேணாம்மா!" என்றான் கதிரவன், குரலைத் தாழ்த்தி. "அந்த ராட்சசி நாளையிலேருந்து எட்டே முக்காலுக்கே கேட்டைச் சாத்தப் போறாளாம். நான் வேணா லீவு போட்டுக்கறேன்!"