ஆளுக்கொரு விரல்

ஐந்து ஊர்களில் இருந்த ஐந்து பொறியாளர்கள் ஆளுக்கொரு விரலாக அந்தச் செயற்கைக் கையை வரைந்திருந்தார்கள். எல்லா வரைபடங்களையும் ஓரிடத்தில் சேர்த்துவைக்க ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. விற்க வந்த முதல் கம்பெனிக்காரர் கையைத் திரையில் கோத்துக் காட்டினார். அதில் ஆறு விரல்கள் இருந்தன.

"இந்த ஆறாவது விரலை யார் வரைஞ்சது?" என்றாள் மேலாளர் எஸ்தர்.

"உங்க ஆளுங்கதான் மேடம். வெளியாள் யாரும் உள்ள வர முடியாது."

ஐவருமே தாங்கள் இல்லை என்றார்கள். அதை அழித்துவிட்டுத் திறந்தபோது மறுபடியும் இருந்தது, இம்முறை சற்று மடங்கி. இரண்டாவது கம்பெனியின் மென்பொருளிலும் ஆறுதான். மூன்றாவது மட்டும் ஐந்தைக் காட்டியது.

"இதையே வாங்கிடலாம்," என்றாள் எஸ்தர்.

செய்து முடித்த கையை, மில் விபத்தில் கையிழந்த அந்தோணிசாமிக்குப் பொருத்தினார்கள். அவர் முதல் வேலையாக எஸ்தரிடம் நீட்டினார். குலுக்கினாள். ஐந்து விரல்களும் பதமாகப் பிடித்து, பிறகு ஒவ்வொன்றாக விரிந்தன. ஆனாலும் எஸ்தரால் தன் கையை எடுக்க முடியவில்லை. மணிக்கட்டில், நாடி துடிக்கும் இடத்தில், பிடி இறுகிக்கொண்டே வந்தது.

அந்தோணிசாமி கூச்சத்தோடு சிரித்தார்.

"நான் அப்பவே விட்டுட்டேம்மா."