ஒருவரும் இல்லாத ஊர்

மொன்றியல் ஜான்-டலோன் சந்தை வாசலில் நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியைத் தயாபரன் அவசரமாக ஏற்றினான்.

"கெதியாச் சொல்லும் கௌசலா. மூண்டு நாளைக்கு எங்க போவம்? பாரிஸ்?"

கௌசலா வெளியே எட்டிப் பார்த்தாள். "ஐயோ, அங்க அண்ணை இருக்கிறார்."

"லண்டன்?"

"உங்கட பெரியம்மா கண்டால் விடுவாவோ?"

"சூரிச்?"

"அங்கயும் எங்கட ஆக்கள்தான். ஒராள் கண்டாலும் துலைஞ்சம்."

"செக் நாட்டுப் பிராக் நகரத்தில ஒருத்தரும் இல்லை."

அவள் அவன் கையைப் பற்றினாள். "அப்ப உடன டிக்கெட்டைப் போடுங்கோ."

கண்ணாடியை யாரோ தட்ட, இருவரும் திடுக்கிட்டார்கள். வெளியே போனும் கையுமாக மகள்.

"அப்பா, அம்மா, பாரிஸ் மாமா கதைக்கிறார். உங்கட இருபத்தைஞ்சாவது கல்யாண நாளுக்கு எங்க போனாலும் தாங்களும் வருகினமாம். சமைக்கக் குசினியுள்ள பெரிய வீடாப் பாக்கட்டாம்."